காதைப் பொத்திக்கொள்ளும் கருவி

பாவ்ஃபெங் யூ.வி.-5ஆர் என்ற சீனத்து வாக்கி டாக்கி 2012இல் சந்தைக்கு வந்தது. கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, நம்ப முடியாத மலிவு. ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிற பலருக்கு இன்றும் அதுதான் முதல் கருவி. மெனு பொத்தானை அழுத்தினால் 0 முதல் 40 வரை எண்ணிட்ட ஒரு பட்டியல் திரையில் ஓடும். எஸ்.க்யூ.எல்., டி.டி.ஆர்., பி.சி.எல்., டி.ஓ.டி. என்று எல்லாமே மொட்டை எழுத்துகள். கையேடும் எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று சொல்லுமே தவிர, எதற்காக என்று சொல்லாது. இதனால் பெரும்பாலானோர் இரண்டு சேனல்களைப் பதித்துக்கொண்டு பட்டியலின் பக்கமே போவதில்லை.

இது நஷ்டம்தான். அந்த மொட்டை எழுத்துகளுக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டுப் பொறியியல் இருக்கிறது. அதில் முக்கியமானவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். வாக்கி டாக்கி பேசுவதற்கான கருவி என்று நாம் நினைக்கிறோம். அதை வடிவமைத்தவர்கள் அதிகம் மெனக்கெட்டதோ எதைக் கேட்காமல் இருப்பது என்பதற்காகத்தான்.

பட்டியலில் 0 என்ற எண்ணுக்கு நேராக இருக்கும் எஸ்.க்யூ.எல்.லில், அதாவது ஸ்க்வெல்ச்சில், தொடங்கலாம். அதன் மதிப்பையும் 0 ஆக்கிவிட்டால் ஒலிபெருக்கி 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாமல் இரையத் தொடங்கும். யாரும் பேசாதபோது ஏன் இந்த இரைச்சல்? கொஞ்சம் ஆன்டெனா வழியாக வெளியிலிருந்து வருகிறது. மிச்சம் கருவிக்குள்ளேயே பிறக்கிறது. அறை வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. அவற்றின் தாறுமாறான அசைவு மிக நுண்ணிய மின்னழுத்தமாக வெளிப்படும். அதிர்வெண் பண்பேற்றத்தில், அதாவது எஃப்.எம்.மில், இயங்கும் ஏற்பி தனக்குக் கிடைப்பது எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அதைப் பல லட்சம் மடங்கு பெருக்கிக் காட்டும். உருப்படியான அலை எதுவும் வராதபோது இந்த எலெக்ட்ரான் இரைச்சலையே முழு வேகத்தில் பெருக்கி நம் காதில் கொட்டுகிறது.

இதைத் தடுக்க, வரும் அலையின் வலிமையை அளந்து ஒலிபெருக்கியைத் திறக்கலாம் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. எஃப்.எம். பொறியாளர்கள் இன்னும் சாமர்த்தியமான வழியைப் பிடித்தார்கள். அவர்கள் இரைச்சலையே அளந்தார்கள். மனிதப் பேச்சுக்கு 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும், வானொலித் தொடர்பில் அதற்கு மேல் விடுவதில்லை. எஃப்.எம். ஏற்பியின் இரைச்சலோ அதிர்வெண் ஏற ஏற அதிகமாகும். ஆகவே 3000 ஹெர்ட்ஸுக்கு மேல், பேச்சு எட்டாத பகுதியில், ஒரு வடிகட்டியை வைத்து அங்கே எவ்வளவு இரைச்சல் என்று பார்க்கிறார்கள். யாராவது பொத்தானை அழுத்தினால் பேச்சைச் சுமக்கும் அவருடைய ஊர்தி அலை வந்து சேர்ந்த கணமே ஏற்பி அதைப் பற்றிக்கொள்ளும், இரைச்சல் அடங்கும். அடங்கியதும் ஒலிபெருக்கி திறக்கும். எதிர்முனையில் இருப்பவர் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார். அவர் வந்துவிட்டார் என்பது நம் கருவிக்குத் தெரிந்துவிடும்.

ஸ்க்வெல்ச்சை எங்கே வைப்பது என்று கேட்டால், இரைச்சல் நிற்கும் இடத்துக்கு ஒரு படி மேலே. உச்ச மதிப்பான 9இல் வைத்தால் அமைதியாக இருக்கிறதே என்று அங்கே விட்டுவிடுபவர்கள் உண்டு. தூரத்திலிருந்து மெலிதாக வரும் குரலையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியவராது. கேட்காமல் போன குரலைப் பற்றி யாரும் புகார் சொல்ல முடியாதே.

இரைச்சலை இப்படி விலக்கிவிடலாம். மனிதர்களை எப்படி விலக்குவது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் டாக்ஸி நிறுவனங்கள், சரக்கு லாரிகள், கான்கிரீட் கலவை வண்டிகள் எல்லாம் ரேடியோ வைத்துக்கொள்ள ஆரம்பித்தன. அதிர்வெண்கள் போதவில்லை. ஒரே சேனலை ஓர் ஊரில் நாலைந்து நிறுவனங்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்ஸி ஓட்டுநர் நாள் முழுக்கச் சிமென்டுக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது.

1950களில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. பேச்சு 300 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்றால் அதற்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு மெல்லிய தொனியைப் பேச்சோடு சேர்த்து ஓயாமல் அனுப்பினால் என்ன? ஒலிபெருக்கிக்குப் போகும் முன் வடிகட்டி அதை நீக்கிவிடும், காதுக்குத் தெரியாது. டாக்ஸி நிறுவனத்துக்கு 100.0 ஹெர்ட்ஸ், சிமென்டுக்காரருக்கு 123.0 ஹெர்ட்ஸ். தன் தொனி வந்தால் மட்டும் கருவி வாயைத் திறக்கும். இதற்கு சி.டி.சி.எஸ்.எஸ். என்று பெயர். யூ.வி.-5ஆர் பட்டியலில் 11ஆம் எண்ணும் 13ஆம் எண்ணும் இதுதான். 11 ஏற்பதற்கு, 13 அனுப்புவதற்கு. 67.0 ஹெர்ட்ஸில் தொடங்கி 250.3 வரை பரவலாகப் புழங்கும் தொனிகள் 38.

அன்றைக்கு இந்தத் தொனியை அடையாளம் கண்டது சிப் கிடையாது, ஓர் உலோக நாக்கு. ஒவ்வொரு கருவியிலும் சுண்டுவிரல் அளவு அடைப்புக்குள் ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அதிரக்கூடிய மெல்லிய தகடு ஒன்று இருந்தது. சரியான தொனி வந்தால் அது அதிர்ந்து மின்தொடர்பை ஏற்படுத்தும். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எதிராளி பொத்தானை விட்டு, தொனி நின்ற பிறகும் தகடு கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சில கணங்களுக்கு ஒலிபெருக்கி திறந்தே கிடக்கும். ஊர்தி அலை போய்விட்டதால் பழைய இரைச்சல் 'கர்ர்க்' என்று காதில் அறையும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இப்படி ஓர் அறை.

பொறியாளர்கள் இதைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பொத்தானை விட்டதும் கருவி உடனே அணையாது. கடைசியாக ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அதே தொனியைக் கட்டம் திருப்பி அனுப்பும். மேலே போக வேண்டிய நேரத்தில் கீழே, கீழே போக வேண்டிய நேரத்தில் மேலே. எதிர்முனைத் தகட்டின் அதிர்வை இந்தத் திருப்பிய அலை எதிர்த்துத் தள்ளி நிறுத்திவிடும். ஒலிபெருக்கி மூடும். அதற்குப் பிறகுதான் ஊர்தி அலை நிற்கும். தகடுகள் ஒழிந்து சிப்கள் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் தொழில்முறைக் கருவிகள் இன்னும் இதே முறையில் தொனியைத் திருப்பி அனுப்புகின்றன. யூ.வி.-5ஆர் பட்டியலில் எஸ்.டி.இ. என்றிருப்பதும் இந்தக் கடைசி இரைச்சலை ஒழிப்பதற்கான வசதியே.

இதே இடத்தில் வேறொரு ஓசையைச் சேர்க்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ரோஜர் பீப் என்ற வசதியைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறை பேசி முடிக்கும்போதும் 'பீப்' என்று ஒலிக்கும். நிலவுப் பயணப் பதிவுகளில் கேட்ட ஓசை என்று அதற்கு ஒரு மவுசு. அப்போலோ பதிவுகளில் கேட்பது வேறு. ஹூஸ்டனிலிருந்து பேசியவரின் குரல் தொலைபேசி இணைப்புகள் வழியாக உலகின் பல மூலைகளில் இருந்த தரைநிலையங்களுக்குப் போய் அங்கிருந்து விண்ணுக்கு ஏறியது. தூரத்திலிருந்த அந்த ஒலிபரப்பிகளை முடுக்க 2525 ஹெர்ட்ஸிலும் நிறுத்த 2475 ஹெர்ட்ஸிலும் கால் விநாடித் தொனிகளை அனுப்பினார்கள். அது இயந்திரத்துக்கான கட்டளை. நம் கைக்கருவியின் பீப் யாருக்கும் எதையும் கட்டளையிடவில்லை. அணைத்துவிடுவது அண்டை அயலாருக்கு நல்லது.

தொனிக்கு மோட்டரோலா வைத்த வணிகப் பெயர் 'பிரைவேட் லைன்'. குழப்பம் அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் குடும்பங்களுக்கென உரிமமின்றி விற்கும் சிறு வாக்கி டாக்கிகளின் அட்டைப்பெட்டியில் '22 சேனல்கள், 121 தனிமைக் குறியீடுகள்' என்று போட்டு, பெருக்கி, 2662 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 38 தொனிகள், 83 எண்குறிகள், சேர்த்தால் 121. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரிதான், பொருள்தான் தவறு. சேனல்கள் 22 மட்டுமே. குறியீடு போட்டதால் நம் பேச்சு யாருக்கும் கேட்காமல் போவதில்லை. குறியீடு எதுவும் போடாமல் அதே சேனலில் காத்திருக்கிற எவருக்கும் ஒரு சொல் விடாமல் கேட்கும். தெருவில் இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் காதைப் பொத்திக்கொண்டால் நமக்குக் கேட்காது. தெருவுக்குக் கேட்கத்தான் செய்யும்.

காதைப் பொத்திக்கொண்டவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சேனல் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துப் பொத்தானை அழுத்துவார். உண்மையில் அங்கே வேறு தொனியில் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார். இவர் அவர் மேல் ஏறிவிடுவார். இதை உத்தேசித்தே பழைய வண்டி ரேடியோக்களில் மைக்கைக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்கள். மைக் கொக்கியில் இருக்கும்வரை தொனிக் காவல் இருக்கும். பேசுவதற்காக மைக்கைக் கையில் எடுத்ததும் காவல் தானாக விலகி, சேனலில் உள்ள எல்லாமே கேட்கும். யாராவது பேசினால் காத்திருக்க வேண்டியதுதான். பயிற்சியோ ஒழுக்கமோ தேவைப்படாத ஏற்பாடு இது. கைக்கருவியில் கொக்கி கிடையாது, அந்த வேலைக்கு மானிட்டர் என்ற பொத்தான் பக்கவாட்டில் இருக்கிறது. பேசுவதற்கு முன் அதை ஒரு கணம் அழுத்திக் கேட்பதுதான் முறை. என்னைக் கேட்டால், கருவியிலேயே அதிகம் அழுத்தப்பட வேண்டிய பொத்தான் அதுதான், குறைவாக அழுத்தப்படுவதும் அதுவே.

ஒருவர் மேல் ஒருவர் ஏறினால் என்ன ஆகும் என்பது பண்பேற்றத்தைப் பொறுத்தது. எஃப்.எம்.மில் இரண்டு அலைகள் ஒரே நேரத்தில் வந்தால் ஏற்பி இரண்டையும் கலந்து கொடுக்காது. கொஞ்சம் வலிமை கூடியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். காதுக்குச் சுகம். ஆனால் இன்னொருவரும் பேசினார் என்ற தடயமே இருக்காது. விமானங்கள் இன்றும் வீச்சுப் பண்பேற்றத்தையே, அதாவது ஏ.எம்.மையே, வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். அங்கே இரண்டு அலைகள் மோதினால் அவற்றின் அதிர்வெண் வேறுபாடு கீச்சென்ற ஒலியாகக் கேட்கும். 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனரிஃப் விமான நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றுகொண்டிருந்தது. பான் அமெரிக்கன் விமானம் அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. புறப்படுவதற்குக் காத்திருக்கும்படி கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதும், தாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம் என்று பான் அமெரிக்கன் சொன்னதும் ஒரே நேரத்தில் நேர்ந்தன. கே.எல்.எம். விமானி அறையில் 'ஓ.கே.' என்ற சொல்லும் அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 4 விநாடி கீச்சொலியும்தான் கேட்டன. அந்த ஒலி ஒரு செய்தி அழிந்துபோனதற்கான அறிவிப்பு. விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. 583 பேர் இறந்தார்கள்.

கைக்கருவியில் இந்த மோதலைத் தடுக்க இரண்டு வசதிகள் உண்டு. 23ஆம் எண்ணில் உள்ள பி.சி.எல்., சேனலில் வேறு அலை இருக்கும்போது பொத்தானை அழுத்தினாலும் ஒலிபரப்ப மறுக்கும். நல்ல பிள்ளை. ஆனால் ஆபத்துக் காலத்தில் குறுக்கிட்டுக் கூப்பிட வேண்டியவரையும் அதே கண்டிப்போடு தடுத்துவிடும் என்பதால் மீட்புக் குழுவினர் இதை அணைத்துவிடுவது நல்லது. 9ஆம் எண்ணில் இருக்கும் டி.ஓ.டி. தொடர்ந்து பேசுவதற்கு வரம்பு கட்டும். 15 விநாடியிலிருந்து 600 விநாடிவரை வைத்துக்கொள்ளலாம். மேடைப் பேச்சாளர்களுக்காக வைத்ததோ என்று தோன்றும். உண்மையில் அது கார் இருக்கையின் இடுக்கில் சிக்கி அழுந்திய பொத்தானுக்காக வைத்தது. அப்படி ஒரு கருவி சிக்கிக்கொண்டால் அதன் பேட்டரி தீரும்வரை ஊரில் வேறு யாரும் அந்தச் சேனலில் பேச முடியாது.

வாக்கி டாக்கி பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. முதல் சொல் கேட்பதில்லை. 'கதவைத் திறக்காதே' என்பதில் 'கதவை' காணாமல் போனால் பரவாயில்லை. 'வேண்டாம், ஏற்றாதே' என்று சொல்லி முதல் சொல் போனால்கூடச் சமாளிக்கலாம். 'நிறுத்து' என்ற ஒற்றைச் சொல் போனால்? கருவி மட்டம் என்று திட்டுகிறோம். இயற்பியல்தான் குறுக்கே நிற்கிறது. 67.0 ஹெர்ட்ஸ் தொனிக்கும் அடுத்திருக்கும் 71.9 ஹெர்ட்ஸுக்கும் இடையே வேறுபாடு 5 ஹெர்ட்ஸ்கூட இல்லை. இவ்வளவு நெருக்கமான இரண்டு அதிர்வெண்களைப் பிரித்தறிய வேண்டுமானால் ஒன்றை 4.9ஆல் வகுத்தால் வரும் நேரம், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி, காத்திருந்து கேட்டாக வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த சிப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து பெரிதாகத் தப்ப முடியாது. அதிர்வெண்ணைத் துல்லியமாக அறிய நேரம் வேண்டும், நேரத்தைக் குறைத்தால் துல்லியம் போகும்.

இது தாமதங்களில் ஒன்றுதான். 3ஆம் எண்ணில் பேட்டரிச் சிக்கனம் இருக்கிறது. யாரும் பேசாதபோது ஏற்பி தூங்கிவிட்டு அவ்வப்போது கண் விழித்துப் பார்க்கும். தூங்குகிற நேரத்தில் நீங்கள் பேச ஆரம்பித்தால் அது விழிக்கும்வரை போனது போனதுதான். 7ஆம் எண் டி.டி.ஆர்., இரண்டு சேனல்களை ஒரே சமயத்தில் கவனிப்பது. உள்ளே இருப்பது ஒரே ஏற்பி. அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். சேனல்களை வரிசையாகத் தேடும் ஸ்கேன் வசதியிலோ பத்துச் சேனல் சுற்றி வர வேண்டும். இந்தத் தாமதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடும். ஆகவே பொத்தானை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்து, பிறகு பேசுங்கள். காவல்துறையிலும் ரயில்வேயிலும் பழகியவர்கள் முதலில் எதிராளியின் அழைப்புப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே விஷயத்துக்கு வருவார்கள். வெட்டுப்படுவதானால் பெயரின் முதல் எழுத்தோடு போகட்டும்.

குரல் கேட்டால் தானே ஒலிபரப்பத் தொடங்கும் வாக்ஸ் என்ற வசதி 4ஆம் எண்ணில் உள்ளது. கைக்கு வேலை இல்லை என்பது கவர்ச்சி. அதுவும் முதல் சொல்லைத் தின்றுவிட்டுத்தான் விழிக்கும். காற்றடித்தாலும் இருமினாலும் ஒலிபரப்பும். கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்குத் தேவைப்படலாம், மற்றவர்கள் மறந்துவிடலாம்.

தொனிக்குப் பதிலாக எண்களையே அனுப்பும் டி.சி.எஸ். என்ற முறையும் இருக்கிறது. விநாடிக்கு 134.4 பிட் என்ற ஆமை வேகத்தில் 23 பிட் கொண்ட ஒரே சொல்லை, பேச்சுக்கு அடியில், திரும்பத் திரும்ப அனுப்புவது. அந்த 23 பிட்டில் 12தான் விஷயம். மீதி 11ம், வழியில் பிட்கள் சிதைந்தால் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. மார்செல் கோலே 1949இல் வெளியிட்ட குறியீடு இது. மூன்று பிட்வரை எங்கே சிதைந்தாலும் மூலத்தை மீட்டுவிடும். இதே குறியீட்டோடு ஒரு பிட் கூட்டி 24 ஆக்கியதைத்தான் வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனி ஆகியவற்றின் வண்ணப் படங்களை அனுப்பப் பயன்படுத்தின. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியின் இடுப்பில் தொங்கும் கருவியிலும் அதே கணிதம்தான் ஓடுகிறது.

இதுவரை சொன்னவை ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் நேரடியாக. தூரம் போக வேண்டும் என்றால் வாட்டை ஏற்றிப் பயனில்லை. இந்த அதிர்வெண்களில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், தரையின் வளைவு மறைத்துவிடும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். நின்றுகொண்டு பேசுபவருக்கு 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் 5. ஆக, வெட்டவெளியில் 10. கட்டடம், மரம் குறுக்கே வந்தால் இன்னும் குறையும். அதே கணக்கைக் கொடைக்கானலின் 2100 மீட்டருக்குப் போட்டால் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். அங்கிருந்து ஒலிபரப்பாகும் கோடை பண்பலையைத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கேட்க முடிவது ஒலிபரப்பியின் வலிமையால் மட்டும் இல்லை, மலையாலும்தான்.

எனவே உயரத்தில் ஒரு ரிப்பீட்டரை வைக்கிறார்கள். கீழே இருந்து மெலிதாக வரும் குரலை ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, அதே கணத்தில் வேறோர் அதிர்வெண்ணில் வலிமையாகத் திரும்ப ஒலிபரப்பும். இந்திய ஹாம்கள் பயன்படுத்தும் 144-146 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இந்த இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். பட்டியலில் 25, 26 ஆகிய எண்கள் இந்த இடைவெளியை எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்வதற்கு. ரிப்பீட்டருக்குள் நடப்பது கொஞ்சம் மலைப்பானது. 25 வாட்டில் கத்திக்கொண்டே, ஆன்டெனா முனையில் 0.2 மைக்ரோவோல்ட் அளவுக்கு வரும் முனகலைக் கேட்க வேண்டும். திறனில் கணக்கிட்டால் கத்தல் முனகலைப் போல 300 கோடி கோடி மடங்கு. பெரிய உலோக உருளைகளை வடிகட்டிகளாக வைத்துத்தான் ஒன்று மற்றதை மூழ்கடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ரிப்பீட்டருக்கும் காது பொத்தல் உண்டு. கண்ட அலைக்கெல்லாம் அது முழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக உரிய தொனியோடு வந்தால்தான் பதில் தரும். ரிப்பீட்டர் எனக்கு நன்றாகக் கேட்கிறது, அதற்கு என்னைக் கேட்கவில்லை என்று புதியவர்கள் சொன்னால் பெரும்பாலும் 13ஆம் எண்ணில் தொனி போட்டிருக்க மாட்டார்கள். 11இல் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

ரிப்பீட்டர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை ஓர் இக்கட்டில் எப்படி அறிவது? நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993இல் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, அந்த உயரமான கோபுரங்களுக்குள் தீயணைப்பு வீரர்களின் கைக்கருவிகள் ஒன்றையொன்று எட்டுவதற்காக ஒரு ரிப்பீட்டர் நிறுவப்பட்டது. 2001 செப்டம்பர் 11 காலை 8.54க்கு யாரோ அதை முடுக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ரிப்பீட்டர் இயங்கத் தொடங்கிவிட்டது. வடக்குக் கோபுரத்தின் தரைத்தளத்தில் இருந்த தலைமைப் பேசுகருவியிலிருந்து பேசுவதற்கு மட்டும் இரண்டாவது பொத்தான் ஒன்றை அழுத்த வேண்டும். அதை அன்று யாரும் அழுத்தவே இல்லை. சில நிமிடங்கள் கழித்து அதிகாரிகள் சோதித்தபோது தலைமைப் பேசுகருவி சரியாக வேலை செய்யாததால் ரிப்பீட்டரே இயங்கவில்லை என்று முடிவுசெய்தார்கள். வடக்குக் கோபுரத்தில் ஏறிய அணிகள் அது இல்லாமலே சென்றன. தெற்குக் கோபுரத்துக்குப் போனவர்கள் அதே ரிப்பீட்டரில் பேசினார்கள், அது வேலை செய்தது. அன்றைய இழப்புக்கெல்லாம் ஒரு பொத்தான்தான் காரணம் என்று சொல்ல முடியாது. விசாரணை ஆணையமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் முடுக்குவதற்கு ஒரு பொத்தான், பேசுவதற்கு இன்னொன்று என்று வைத்த வடிவமைப்பு, முதலாவது வேலை செய்கிறதா இரண்டாவது செய்கிறதா என்று பார்ப்பவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

டிஜிட்டல் கருவிகளில் இந்தக் கதை வேறு வடிவம் எடுக்கிறது. ஐரோப்பியத் தர அமைப்பான ஈட்சி 2005இல் வெளியிட்ட டி.எம்.ஆர். முறையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை 30 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு உரையாடல்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒலிபரப்பி பாதி நேரம் அணைந்திருப்பதால் பேட்டரி கூடுதலாக வரும். தொனிக்குப் பதில் 0 முதல் 15 வரை வண்ணக் குறி. அதற்குள்ளும் குழு எண். உங்கள் குழுவுக்கு வராத பேச்சை உங்கள் கருவி ஒலிக்கவே ஒலிக்காது. பட்டியலின் பெயர்கள் மாறினாலும் வேலை பழைய வேலைதான்.

மாறியது குரல். சாதாரண டிஜிட்டல் தொலைபேசி ஒரு குரலுக்கு விநாடிக்கு 64,000 பிட் செலவழிக்கும். டி.எம்.ஆர். கருவிகளில் இருக்கும் குரல்சுருக்கி 2450 பிட்டில் முடித்துவிடும், பிழைதிருத்தத்துக்கு மேலும் 1150. ஒலியை அப்படியே அனுப்பினால் இவ்வளவு சுருங்காது. பேசுகிறவரின் தொண்டை எந்தச் சுருதியில் அதிர்கிறது, எந்தப் பகுதியில் மூச்சுக்காற்று மட்டும் வருகிறது என்று 20 மில்லிவிநாடிக்கு ஒரு முறை கணித்து, குரலைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் அனுப்புகிறது. எதிர்முனை அந்தக் குறிப்பைப் பார்த்துக் குரலைப் புதிதாகச் செய்துகொள்கிறது. அமைதியான அறையில் வெகு சுத்தம். ஆனால் மர அறுவை இயந்திரத்துக்குப் பக்கத்திலோ, தீயணைப்பு வீரர்களின் அபாய ஒலிக்கருவி அலறும்போதோ பேசினால் சுருக்கி தடுமாறும். எது தொண்டை, எது இயந்திரம் என்று அதற்குப் புரியாமல் இரண்டையும் சேர்த்து ஏதோ ஒன்றைச் செய்து வைக்கும். பழைய எஃப்.எம்.மில் இயந்திரச் சத்தத்தோடு குரலும் வரும், நம் காது பிரித்துக்கொள்ளும். எல்லை ஓரத்திலும் இதே வேறுபாடுதான். எஃப்.எம். மெல்ல மெல்ல இரைச்சலில் கரையும், சமிக்ஞை மங்குகிறது என்று பேசுகிறவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டல் கடைசி அடிவரை தெளிவாக இருந்துவிட்டு அடுத்த அடியில் ஊமையாகும். மைக்கை உள்ளங்கையால் மறைத்து, வாயருகே வைத்து, கத்தாமல் பேசுவது டிஜிட்டலில் நாசூக்கு இல்லை, அவசியம்.

இந்தியாவில் இவற்றை வாங்கி அப்படியே பேசத் தொடங்கிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பகுதியில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். யூ.வி.-5ஆர் போன்றவை அதைத் தாண்டி எங்கெங்கோ ஒலிபரப்பும். அவற்றை ஹாம் அதிர்வெண்களில் பயன்படுத்தத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி ஹாம் உரிமம் பெற வேண்டும். ஹாமாக ஆனபின் பேச்சைச் சங்கேதமாக்க அனுமதி கிடையாது. எவர் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதே அந்தப் பொழுதுபோக்கின் நிபந்தனை.

உண்மையான ரகசியம் வேண்டுபவர்களுக்கு, காவல்துறைக்கும் ராணுவத்துக்கும், சங்கேதம்தான் வழி. சில கருவிகளில் ஸ்க்ராம்ப்ளர் என்ற பெயரில் இருப்பது குரலின் அதிர்வெண்களைத் தலைகீழாக்குவது மட்டும். கீழ்ச்சுருதி மேலே போகும், மேல்சுருதி கீழே வரும். அதைத் திருப்பிப் போட ஒரு சின்னச் சுற்று போதும். உலகின் பல நாடுகளில் காவல்துறையும் துறைமுகங்களும் பயன்படுத்தும் டெட்ரா என்ற டிஜிட்டல் முறையில் முறையான சங்கேதம் உண்டு. அதன் வழிமுறைகளைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். 2023இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மிட்நைட் புளூ என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவற்றில் ஒன்றான டி.இ.ஏ.1 என்பதை உடைத்துப் பார்த்து வெளியிட்டார்கள். 80 பிட் சாவி என்று சொல்லப்பட்டதை உள்ளே 32 பிட்டாகச் சுருக்கிவிடும் ஒரு படி இருந்தது. 32 பிட் என்றால் சுமார் 429 கோடிச் சாவிகள். கேட்பதற்குத்தான் பெரிய எண், சாதாரணக் கணினி நிமிடங்களில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். அதுவரை அந்தக் கருவியை இடுப்பில் மாட்டியிருந்தவர்கள் மெனுவில் எத்தனை முறை தேடியிருந்தாலும் இது தெரிய வந்திருக்காது. அதே ஆண்டு நவம்பரில், டெட்ராவின் சங்கேத வழிமுறைகளை எல்லோரும் ஆராயும்படி வெளியிடப்போவதாக ஈட்சி அறிவித்தது.